கருப்பட்டி நிறச் சட்டை, உப்பளக் கட்டம்: வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் கடற்கரையின் நிறங்களையும் வடிவங்களையும் வைத்து ஆண்கள் ஆடை தயாரிக்க விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ராமநாதபுரம் வாசகர்: ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். வாங்கி விற்றது போதும், நம் கடற்கரையை வைத்துச் சொந்தமாகப் பத்து டிசைன் போடலாம் என்று இருக்கிறேன். டிரெண்ட் பக்கங்களைப் புரட்டினால் 'ஸ்பிரிங் சம்மர்', 'ஆட்டம் வின்டர்' என்கிறார்கள். நம் ஊரில் குளிர்காலம் ஏது? எதைப் பார்ப்பது, எப்போது தொடங்குவது?

முதலில் அவர்கள் நாள்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியின் ஃபிளாரன்ஸில் நடக்கும் பிட்டி உவோமோ ஆண்கள் ஆடைக் கண்காட்சியும், மிலன், பாரிஸ் ஆண்கள் ஃபேஷன் வாரங்களும் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூனிலும் வரும். ஜனவரியில் காட்டுவது அந்த ஆண்டின் கடைசியில் வரும் குளிருக்கு. ஜூனில் காட்டுவது அடுத்த ஆண்டின் கோடைக்கு.

நம் கடற்கரையில் துணி விற்பது இரண்டு கொத்துகளில். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் ஒன்று. நோன்புப் பெருநாளும் கோடையும் இன்னொன்று. முதல் கொத்துக்கு அந்த ஆண்டு ஜனவரிக் காட்சிகளைப் பாருங்கள். இரண்டாவதற்கு முந்தைய ஜூன் காட்சிகளை. பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2026, 2027 இரண்டிலும் அது மார்ச் மாதத்தில்.

காட்சியில் பார்த்ததை அப்படியே எடுக்கக் கூடாது. ஒரு டிரெண்டுக்குள் அளவமைப்பு, நிறம், துணி, அச்சு, காலர் - பாக்கெட் போன்ற வேலைப்பாடு என ஐந்து பொருள் இருக்கும். அதில் இரண்டை மட்டும் எடுங்கள். ஜனவரிக் காட்சியின் கம்பளிக் கோட்டிலிருந்து பழுப்பு நிறத்தை எடுத்துப் பருத்திச் சட்டையில் போடலாம். கோட்டை எடுத்து என்ன செய்வது? சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் அகலமான அரைக்கைச் சட்டை, திறந்த காலர், இடுப்பில் மடிப்பு வைத்த தளர்ந்த பேன்ட் ஆகியவை நம் வெக்கைக்கென்றே வந்தவை போல இருக்கின்றன. அவற்றின் அளவமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 40 அளவுக்கு வழக்கமான சட்டையின் முடிந்த மார்புச் சுற்று 44 அங்குலம் என்றால், இதற்கு 46 முதல் 48 வைக்கலாம்; உயரத்தை 27, 28 அங்குலத்தில் நிறுத்த வேண்டும். மார்பை மட்டும் கூட்டி உயரத்தை 30-ல் விட்டால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போல இருக்கும். புது வெட்டு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்னால் சரக்கு கடையில் தொங்க வேண்டும். தைக்க நான்கு வாரம். நூலில் சாயமேற்றி நெய்த துணி வர ஆறிலிருந்து எட்டு வாரம். மாதிரிச் சட்டைக்கு மூன்று, நிறம் ஒப்புதலுக்கு இரண்டு. ஆக வைகாசியில் நிறம் முடிவாகியிருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்று காத்திருப்பவருக்குச் சந்தையில் கிடைக்கும் துணிதான் கிடைக்கும், நினைத்த துணி கிடைக்காது.

கோடை வரிசைக்கு ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் அந்த நாட்களில் கையில் காசு புரளாது. கோடைச் சட்டையைச் சித்திரையில் இறக்கினால் தூசிதான் படியும். மாசி பிறக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

கீழக்கரை வாசகர்: தனுஷ்கோடியில் எடுத்த படங்களிலிருந்து நிறம் பிரித்து, சாயப்பட்டறையில் கொடுத்தேன். வந்த துணி வேறு நிறம். கடையில் மாட்டியதும் இன்னும் வேறு நிறம். யார் மீது தவறு?

மூன்று இடத்தில் நிறம் வழுக்கியிருக்கும்.

முதலாவது கேமரா. போன் கேமரா வானத்தையும் கடலையும் தானாகவே கூடுதல் நீலமாக்கும். உச்சி வெயிலில் மணல் வெளுத்து, நிழல் கறுத்துவிடும். காலை ஆறரை முதல் எட்டு வரையிலோ, மாலை நாலரைக்கு மேலோ எடுங்கள். சட்டகத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். பிறகு கணினியில் அந்தத் தாள் வெள்ளையாகும்வரை படத்தைத் திருத்தினால் மற்ற நிறங்களும் தம் இடத்துக்கு வரும். இன்னும் நல்ல வழி, பொருளையே எடுத்து வருவது. ஒரு கைப்பிடி ஈர மணல், காய்ந்த பனை மட்டை, உப்பு, கருப்பட்டித் துண்டு, ஒரு முண்டு மிளகாய்.

இரண்டாவது, திரையில் தெரிவதைச் சாயக்காரரிடம் காட்டியது. திரை ஒளி, துணி சாயம். நிறங்களுக்கு எண் கொடுக்கும் பேன்டோன் நிறுவனத்தின் பருத்தித் துணி நிற அட்டை எண்ணைச் சொன்னால் பேச்சுக்கு இடமில்லை. அந்த அட்டை விலை கூடுதல் என்றால், பட்டறையின் சொந்த நிற அட்டையிலிருந்து நெருங்கியதை எடுத்து, "இதைவிட ஒரு படி மஞ்சள் குறைய" என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் வாங்கப் போகும் அதே துணியில் மூன்று மாதிரிச் சாயம் கேளுங்கள். பாப்ளினில் ஒப்புக்கொண்ட நிறம் லினனில் அப்படியே வராது. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காய்ந்தால் வெளுக்கும்.

மூன்றாவது விளக்கு. பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரு துணிகள் எல்இடி விளக்கின் கீழ் பிரிந்து தெரியலாம். சட்டைத் துணி ஒரு சாயக் கலவையிலும் காலர் துணி வேறு கலவையிலும் வந்திருந்தால் இது நடக்கும். மாதிரியை வாசலில் ஒரு முறை, உங்கள் கடை விளக்கில் ஒரு முறை பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

கடல் நிறத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பளிச்சென்ற பச்சை கலந்த நீலத்துக்குப் பருத்தியில் பயன்படும் டர்காய்ஸ் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறு பெரியது, மெதுவாகத்தான் இழைக்குள் போகும். மற்ற பல சாயங்கள் 60 டிகிரியில் ஏறும். இதற்கு 80 டிகிரி வேண்டும். வேறு சாயத்தோடு கலந்து 60-லேயே முடித்தால் ஏறாத சாயம் நூலின் மேலே நிற்கும், முதல் மூன்று சலவையில் வெளியே போகும். பட்டறையில் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எங்களைக் கேட்டால் அந்தப் பளிச் நீலமே தேவையில்லை. நம் ஊரார் ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாவின் கரு நீலமும், பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணையின் கலங்கிய பச்சையும் ஆண்கள் உடையில் இன்னும் அழகாக நிற்கும், சாயமும் எளிது.

நிறம் எத்தனை? ஆறு போதும். உப்பு வெள்ளை, ஈர மணல், கரு நீலம், கலங்கிய பச்சை, கருப்பட்டி, முண்டு மிளகாய்ச் சிவப்பு. 2025-க்குப் பேன்டோன் அறிவித்த நிறம் 'மோக்கா மூஸ்' என்ற பழுப்பு. பால் கலந்த கருப்பட்டிக் காப்பிக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. உலக நிறமும் உள்ளூர் நிறமும் இப்படிச் சந்திக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராது. சிவப்பை முழுச் சட்டையாக அதிகம் போட வேண்டாம், பத்துக்கு ஒன்று. குளிர்காலத்தில் வரும் பூநாரையின் இளஞ்சிவப்பை விரும்பினால் காலரின் உட்பட்டையில் வையுங்கள்.

பரமக்குடி வாசகர்: எங்களுடையது தறிக் குடும்பம். சேலைதான் ஓட்டுகிறோம். சட்டைத் துணியில் கடற்கரையைக் கொண்டுவர நெசவிலேயே என்ன செய்யலாம்?

வந்த கேள்விகளில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான். அச்சடித்த மீனைவிட நெசவில் வரும் கடற்கரை அதிக நாள் வாழும், யாரும் இரண்டு வாரத்தில் நகல் எடுக்கவும் முடியாது.

உப்பளத்திலிருந்து தொடங்குங்கள். வாலிநோக்கம் பாத்திகளை மேலிருந்து பார்த்தால் மெல்லிய வரப்பு, பெரிய வெள்ளைக் கட்டம். 40-ம் நம்பர் வெள்ளை நூலில் பாவு (நீளவாட்டு இழை), இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை மணல் நிறத்தில் நான்கு இழை. குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே கணக்கு. கேட்க எளிது. கைத்தறியில் கட்டம் சதுரமாக வருவதுதான் கடினம். ஊடையை அடித்து நெருக்கும் அழுத்தம் மாறினால் அங்குலத்துக்கு விழும் ஊடை எண்ணிக்கை மாறும், சதுரம் ஒரு முழத்துக்குள் செவ்வகமாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊடையை எண்ணிப் போடுங்கள். பாவைச் சுற்றும்போதெல்லாம் அளவுப் பட்டையை வைத்துப் பாருங்கள். பெரிய கட்டத்துக்கு வெட்டும்போது பட்டன் பட்டியும் பாக்கெட்டும் பொருந்த வேண்டும் என்பதால் 10 முதல் 15 விழுக்காடு துணி கூடுதலாகப் போகும். அதை விலையில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அடுத்து பனையோலை. ஓலைப் பெட்டி முடைவது போலவே இரண்டு பாவு இழைக்கு இரண்டு ஊடை இழை, கூடை நெசவு. காற்று புகும், கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் இழைகள் பிடிமானமில்லாமல் நகரும். தோளிலும் அக்குளிலும் தையலை ஒட்டித் துணி வாய் பிளக்கும். பாவு இழைகளைப் பிரிக்கும் தறி அச்சை நெருக்கமாக எடுங்கள். தைப்பவரிடம் தையல் விளிம்பு 1.2 செ.மீ. விட்டு, மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள், அங்குலத்துக்கு 12 முதல் 14 தையல்.

காற்று மணலில் இழுக்கும் வரிவரியான அலைக்குச் சீர்சக்கர் நெசவு பொருத்தம். பாவில் ஒரு பட்டை இறுக்கமாகவும் அடுத்த பட்டை தளர்வாகவும் ஓட, தளர்ந்த பட்டை சுருங்கி மேடாகும். உடம்பில் துணி ஒட்டாது. ஐப்பசி ஈரக்காற்றிலும் புழுக்கம் தெரியாது. இஸ்திரியும் வேண்டியதில்லை. இதற்கு இரண்டு பாவு உருளைகள் கட்டாயம். ஒரே உருளையில் சிலர் முயல்வார்கள். தளர்ந்த இழைகள் அதிக நீளம் கேட்கும், நடுவில் பாவு சமனில்லாமல் அறுந்துவிடும். இரண்டாவது உருளை வைக்க இடமில்லாத தறியில், ஊடையில் அதிக முறுக்கேற்றிய நூலைச் சில வரிசைகள் விட்டு விட்டுப் போடலாம். நனைத்ததும் அந்த வரிசைகள் இழுத்துக்கொண்டு சிற்றலை வரும். அகலமும் குறையும் என்பதால் முதலில் ஒரு மீட்டர் நெய்து, நனைத்து, எவ்வளவு குறைந்தது என்று அளந்த பிறகே முழுப் பாவையும் ஓட்டுங்கள்.

வலைக் கண்ணுக்குப் போலி லெனோ நெசவு, அதாவது இழைகளைக் கொத்தாக்கி இடையில் துளை விடுவது. சட்டை முழுதும் போட்டால் உள்ளே எல்லாம் தெரியும். முதுகின் மேல் பட்டைக்குக் கீழே ஒரு பலகை போதும்.

எடை சட்டைக்குச் சதுர மீட்டருக்கு 110 முதல் 140 கிராம். பேன்ட்டுக்கு 200-ஐச் சுற்றி. 48 அங்குல அகலத் துணி என்றால் 40 அளவு முழுக்கைச் சட்டைக்கு 2.1 முதல் 2.2 மீட்டர் ஆகும். 58 அங்குலமென்றால் 1.6 முதல் 1.75.

தங்கச்சிமடம் வாசகி: மீன், நண்டு அச்சுப் போட்டால் சிறுவர் சட்டை போல ஆகிவிடுகிறது. என்ன தவறு?

மீனை வரைகிறீர்கள், அதன் தோலைப் பாருங்கள். கானாங்கெளுத்தியின் முதுகையொட்டி நீளவாக்கில் ஓடும் கருங்கோடுகளைப் பெரிதாக்கி, கரு நீலத்தின் மேல் ஒரு படி கருமையாகப் போட்டால் அது மீனென்று கடலுக்குப் போகிறவருக்கு மட்டுமே தெரியும். ஆண் நீல நண்டின் ஓட்டில் இருக்கும் வெள்ளைத் திட்டுகளும் அப்படித்தான். கண், வால், செதில் மூன்றையும் விட்டுவிடுங்கள். இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். சுழல் திரை அச்சு என்றால் திரையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ.; உங்கள் வடிவம் திரும்ப வரும் நீளம் 64, 32, 16 என்று அதில் மீதமின்றி அடங்க வேண்டும். ஐம்பது மீட்டர்தான் தேவை என்றால் டிஜிட்டல் அச்சுக்குப் போய்விடுங்கள். திரைச் செலவு மிச்சம். நிறம் பசையோடு துணியின் மேலேயே ஒட்டி நிற்கும் பிக்மென்ட் அச்சில் பெரிய அடர்ந்த திட்டு வைக்காதீர்கள், மார்பில் அட்டை ஒட்டியது போல விறைக்கும்.

மண்டபம் வாசகர்: கரையில் ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டு, சிப்பியில் பட்டன் செய்யலாமா?

பவளத்தைத் தொடவே வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் குற்றம்தான். கடல் அட்டை, கடற்குதிரையும் அப்படியே. சிப்பிகளிலும் சில இனங்கள் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் உங்கள் வாசலில் இருக்கும்போது இதில் விளையாட்டு கூடாது.

தேங்காய்ச் சிரட்டைப் பட்டன் எடுங்கள். சட்டை முன்பக்கத்துக்கு 18 லைன், அதாவது சுமார் 11.5 மி.மீ. சிரட்டை தடிமனாக இருக்கும், 3 மி.மீ. வரை. பட்டன் துளையின் நீளம் விட்டமும் தடிமனும் கூட்டிய அளவு, ஆகவே 14.5 மி.மீ. பிளாஸ்டிக் பட்டனுக்கு வைத்த துளையை அப்படியே விட்டால் இழுத்து இழுத்து நூல் பிரியும். வெள்ளைச் சட்டையில் தைப்பதற்கு முன் பத்துப் பட்டனை வெந்நீரில் ஒரு இரவு ஊறவிடுங்கள். தண்ணீர் பழுப்பாகிறதா என்று பார்த்துவிட்டுத் தையுங்கள்.

பட்டன் என்றதும் இன்னொன்று. உப்புக் காற்றில் பேன்ட் கொக்கியும் ஜிப்பும் துருவேறித் துணியில் கறை விடும். வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. நைலான் ஜிப்பும் சுத்தப் பித்தளைக் கொக்கியும் போதும்.

தேவிபட்டினம் வாசகி: கடுக்காய், படிகாரம் வைத்து இயற்கைச் சாயம் போட்டேன். திட்டுத் திட்டாக வந்தது, மஞ்சள் வர வேண்டிய இடத்தில் சாம்பல் வந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீர் காரணமா?

சாம்பலுக்குத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். திட்டுக்கு வேறு காரணம்.

ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடியைப் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் நீலம் கலந்த கறுப்பாக மாறினால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான். சோப்பு நுரைக்கவில்லையென்றால் சுண்ணாம்பு, மெக்னீசியச் சத்து அதிகம்; பல சாயங்கள் அதில் மங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நிறையப் பிடித்து வைத்த தண்ணீர்தான் சாயத்துக்கு முதல் தரம். இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர். சாயவேர், மஞ்சிட்டி போன்ற வேர்ச் சிவப்புகளுக்கு மட்டும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருந்தால் நிறம் தூக்கலாக வரும். ஆனால் இரும்பு அவற்றுக்கும் ஆகாது.

திட்டு விழுவது துணியில் மீதமிருக்கும் கஞ்சியாலும் எண்ணெய்ப் பசையாலும். ஒரு கிலோ துணிக்கு 20 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியில் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் மறுபடியும் கொதிக்க வையுங்கள். பிறகு ஒரு கிலோ காய்ந்த துணிக்குக் கடுக்காய் 150 முதல் 200 கிராம், 25 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு. பிழிந்து, அலசாமல், நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்ட பக்கம் கருக்கும். அடுத்து படிகாரம் 100 முதல் 150 கிராம். சாம்பலே வேண்டுமென்றால் அன்னபேதி (இரும்பு உப்பு) 20 கிராம். 30-ஐத் தாண்டினால் பருத்தி நாளடைவில் நைந்து கிழியும்.

ஆண்கள் சட்டையில் இயற்கைச் சாயம் முதலில் தோற்பது அக்குளிலும் காலரிலும். வியர்வையால் நிறம் மாறும். மாதிரித் துணியை ஒருவர் ஒரு வாரம் கழுத்துக்குட்டையாகக் கட்டிப் பார்த்த பிறகு வரிசையில் சேர்ப்பது நல்லது. வாங்குபவரிடம் சோப்புத் தூள் கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும் என்று அச்சிட்டே கொடுத்துவிடுங்கள்.

தொண்டி வாசகர்: கைலியும் அதே துணியில் சட்டையும் ஜோடியாகப் போட்டால் ஓடுமா?

ஓடும், இளைஞர்களிடம். கைலியைக் கஞ்சியோடு வெட்டாதீர்கள். நனைத்துச் சுருக்கிய பிறகு வெட்டுங்கள். ஒரு கைலியின் இரண்டு மீட்டரில் 40 அளவு அரைக்கைச் சட்டை இழுத்துப் பிடித்து வரும். கட்டம் பொருத்த வேண்டுமானால் வராது. சட்டையில் கைலியின் கட்டத்தை வைக்காமல், அதன் ஊடை நிறத்தை மட்டும் எடுத்து வெற்றுச் சட்டையாகத் தைப்பதுதான் எங்கள் விருப்பம்.

பாம்பன் வாசகர்: முதல் முறை எத்தனை உருப்படி, என்ன விலை?

ஆறு சட்டை, இரண்டு பேன்ட். சட்டைகளில் இரண்டு வெற்று, இரண்டு நெசவு வேலை, ஒன்று கட்டம், ஒன்று அச்சு. ஒவ்வொன்றும் இரண்டு நிறம். 38, 40, 42, 44 அளவுகளை 1:2:2:1 என்று எடுத்தால் ஒரு செட் ஆறு. நிறத்துக்கு இரண்டு செட். மொத்தம் 144 சட்டை, 58 அங்குலத் துணி சுமார் 250 மீட்டர். இந்த விகிதம் பொதுவானது. உங்கள் கடையின் பழைய பில்லில் 44 அதிகம் போயிருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு சட்டையின் உதாரணக் கணக்கு: துணி 1.75 மீட்டர், மீட்டர் 200 ரூபாய் என்றால் 350. பட்டன், உள்பட்டை, நூல், லேபிள் 40. வெட்டும் தையலும் 160. சலவை, இஸ்திரி, உறை 30. மாதிரிக்கும் சேதத்துக்கும் 5 விழுக்காடு சேர்த்தால் 609. அதை 1,250-க்கு விற்றால்தான் கடை வாடகையும் கடைசியில் கொடுக்கும் தள்ளுபடியும் தாங்கும். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. ஆகவே லினன் மேல்சட்டை ஏதாவது 2,600-ல் வந்து நின்றால், பாக்கெட் ஒன்றைக் குறைத்தோ துணியை மாற்றியோ 2,500-க்குள் கொண்டுவரப் பாருங்கள்.

144-ஐயும் ஒரே நாளில் வெட்டக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு டிசைனிலும் முதல் செட்டை மட்டும் வெட்டி, மீதித் துணியை ரோலாகவே வையுங்கள். மூன்று வாரத்தில் எது போகிறது என்று தெரிந்துவிடும். நிற்பதன் துணியில் பையோ குழந்தைச் சட்டையோ தைக்கலாம். ரோலை மட்டும் தரையில் சாய்க்காதீர்கள், கார்த்திகை ஈரத்தில் அடி மடிப்பில் பூஞ்சைப் புள்ளி விழும்.